தேன் என்றுதான் சொன்னார்

நவம்பர் 5, புதன்

அப்பா இன்று தேன் கடைக்குப் போய்க் கறி கேட்டார்.

பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் எனக்காக நின்றார். நான் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டேன், இதுவரை அப்பா ஒரு நாள்கூட என்னை அழைக்க வந்ததில்லை. இந்த வாரம்தான் வருகிறார். கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது, அதனால் முடிகிறது என்றார். என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அது ரோஸ் கலர் பை, பூனைக்குட்டி படம் வேறு. அவருக்குக் கூச்சமே இல்லை. "உங்கப்பா சூப்பர்டி" என்று பவ்யா என் காதில் சொன்னாள்.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கும் மலைத்தேன் கடைக்குப் போனோம். கொம்புத்தேன், அடுக்குத்தேன், மெழுகு, யூகலிப்டஸ் தைலம் என்று அலமாரி நிறைய பாட்டில்கள். கடைக்காரர் பெயர் போஜன்.

"மீட் இருக்கா?" என்று அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கறிக்கடை மார்க்கெட்டுக்குள்ள இருக்குதுங்க. இது தேன் கடை."

"அந்த மீட் இல்லைங்க. இது தேன்ல செய்யறது."

"தேன்ல கறி செய்யறாங்களா? எந்த ஊர்லீங்க?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாவும் சிரித்தார். போஜன் அண்ணன் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். "பாப்பா உங்க பொண்ணுங்களா?"

"ஆமா. இருமல் விடவே மாட்டேங்குது. இவளுக்குத்தான் கேட்டேன்."

"அப்போ கொம்புத்தேன் எடுத்துட்டுப் போங்க. மிளகைத் தட்டிப் போட்டுக் குடுங்க."

அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு இருமல் இருப்பது உண்மைதான். குன்னூரில் மழை வந்தால் எனக்கு இருமலும் வரும். ஆனால் அதற்காக அப்பா ஒரு கடை ஏறி இறங்குவார் என்று நான் நினைத்ததே இல்லை.

"அம்மாகிட்ட சொல்லாத. கிடைச்சதும் சொல்லிக்கலாம்" என்றார். சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

அப்பாவும் அம்மாவும் தூங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன். போர்வைக்குள் டார்ச் வெளிச்சம். அம்மா பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பாள். ஆனால் பகலில் எழுத முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது.

தீபாவளிக்கு அப்பா குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டில் விழுந்து கிடந்தார்.  மறுநாள் விடிவதற்குள் அம்மா என்னை எழுப்பி, இரண்டு பைகளில் துணியை அடைத்து, மேட்டுப்பாளையம் சித்தி வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனாள். ஒரே பனிமூட்டம். பஸ் கிளம்பும் நேரத்தில் அப்பா ஓடி வந்தார். செருப்புகூட ஜோடி மாறியிருந்தது.

"கோமதி, இனிமே தொட மாட்டேன். என்னை நம்பு."

"எத்தனை தடவை நம்பறது? உங்க பொண்ணு தலையில அடிச்சுச் சொல்லுங்க. சொன்னா பஸ் ஏறல."

அம்மா ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள். பிராந்தி, ரம், விஸ்கி, பீர், ஒயின். அப்பா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார், என் தலைமேல் கையை வைத்துக்கொண்டு. கண்டக்டர் படிக்கட்டில் நின்று, "ஏம்மா, ஏறறீங்களா, இல்ல இன்னும் சரக்கு பாக்கி இருக்கா?" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா அழுதாள். நாங்கள் பைகளோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

அன்றிலிருந்து எனக்குப் பயம். அப்பா ஒரு வாய் குடித்தால் செத்துப் போவது நான். பவ்யாவின் ஊரில் ஒருவர் இப்படிச் சத்தியத்தை மீறி, அவர் பையனுக்குப் பேச்சே நின்றுவிட்டதாம். "உங்கப்பா நல்லவர்டி, மீற மாட்டார்" என்றும் சொன்னாள். ஆமாம், மீற மாட்டார்.

நவம்பர் 10, திங்கள்

இன்று எங்கள் ஊர் பெட்ஃபோர்டு பகுதியில் ஒரு சீஸ் கடை. உள்ளே நுழைந்ததும் நனைந்த காலுறை மாதிரி ஒரு வாசனை. கடையில் இருந்த அண்ணன் பெங்களூரிலிருந்து வந்தவர், காதில் கடுக்கன்.

"மீட் இருக்கா?"

"சாரி சார், நாங்க ப்யூர் வெஜ்."

அப்பா இந்த முறை சிரிக்கவில்லை. தேன், தண்ணீர், ஈஸ்ட் என்று விளக்கினார். அந்த அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஓ, அதுவா! பெங்களூர்ல கிடைக்கும் சார். இங்க விக்க லைசென்ஸ் கிடையாது."

வெளியே வந்ததும், தேனுக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்டேன்.

"நல்ல தேனுக்கெல்லாம் லைசென்ஸ் வேணும் கண்ணு."

பிறகு ஊறுகாய், ஜாம் விற்கும் கடைக்குப் போனோம், வர்க்கி பேக்கரிக்கும் போனோம். எங்கேயும் இல்லை. அப்பாவின் கை என் கையைப் பிடித்திருந்தபோது லேசாக நடுங்கியது. குளிர் அதிகம். ஆனாலும் எனக்கு இந்தச் சுற்றல் பிடித்திருக்கிறது. அவர் வேலை பார்த்த ஹோட்டல் கதைகளைச் சொல்லிக்கொண்டே நடக்கிறார். முள்கரண்டியால் இட்லி சாப்பிடப் போய் அதைப் பக்கத்து மேஜைக்குப் பறக்கவிட்ட வெள்ளைக்காரர் கதையை இரண்டாம் முறை சொன்னார். இரண்டாம் முறையும் சிரித்தேன்.

நவம்பர் 13, வியாழன்

கிடைத்துவிட்டது.

மேலே சர்ச்சுக்குப் போகும் வழியில் மெர்சி ஆன்ட்டியின் சாக்லேட் கடை. வாசலிலேயே அப்பா என்னை நிறுத்தினார். என் டையை நேராக்கினார். அடையாள அட்டையை ஸ்வெட்டருக்கு வெளியே எடுத்துவிட்டார். "உள்ள போனதும் ரெண்டு தடவை இருமு" என்று சொல்லிச் சிரித்தார். இரும வேண்டிய அவசியமே இருக்கவில்லை, படி ஏறியதில் தானாகவே வந்துவிட்டது.

"அச்சோ, பிள்ளைக்கு நெஞ்செல்லாம் சளி" என்றார் ஆன்ட்டி. "என்ன வேணும் சார்?"

அப்பா சொன்னார். ஆன்ட்டி கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "தேன் ஒயினா கேக்கறீங்க?"

"ஒயின் இல்ல ஆன்ட்டி. மீட்."

"எல்லாம் ஒண்ணுதானே சார்."

"ஒண்ணு இல்ல."

அப்பா அதைச் சொன்ன விதம் எனக்கு என்னவோ போல இருந்தது. வீட்டில் அந்தக் குரலில் அவர் பேசிப் பல நாளாகிவிட்டது. ஆன்ட்டி என் யூனிஃபார்மை ஒரு தடவை பார்த்தார். பிறகு திரைக்குப் பின்னால் போய், பழைய ஸ்குவாஷ் பாட்டில் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டு வந்தார்.

"கிறிஸ்துமஸுக்காக வீட்ல போட்டது. மஃப்டியில போலீஸ்காரங்க வந்து கேக்கறாங்க, அதனால தனியா வர்ற ஆம்பளைங்களுக்கு நான் குடுக்கறதே இல்ல. நீங்க பிள்ளையோட வந்திருக்கீங்க, யூனிஃபார்மோட. குடும்பஸ்தர்."

"ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி."

பாட்டிலை என் பைக்குள், கணக்குப் புத்தகத்துக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவில் அப்பா வைத்தார். எனக்கு ஃபட்ஜ் வாங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் விசிலடித்தபடி வந்தார். பை அவர் தோளில்தான் இருந்தது. எங்கள் தெரு முனை வந்ததும் மட்டும் என் தோளுக்கு மாற்றிவிட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். மிட்டாய் கொடுத்தார்கள். அப்பா கிராம்பு மெல்ல ஆரம்பித்திருக்கிறார், பல்வலியாம்.

நவம்பர் 18, செவ்வாய்

வீடு நன்றாக இருக்கிறது. இதை முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். அப்பா பாத்திரம் தேய்க்கிறார். அம்மா கம்பெனி ஆபீஸிலிருந்து வரும்போது டீ தயாராக இருக்கிறது. நேற்று அம்மா என் தலையை வாரிவிட்டபடி, "உங்கப்பா மாறிட்டாருடி. உன் தலையில அடிச்சது வீண் போகல" என்றாள். சீப்பு உச்சந்தலையில் படும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பாட்டில் சமையலறைப் பரணுக்குக் கீழே, மேல் தட்டில் நிற்கிறது. அப்பா அதன்மேல் 'மிருதுளா – இருமல்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார். அம்மா எடுத்துக் கொடுக்கப் போனால், "இரு, அதுக்கு ஒரு அளவு இருக்கு, நானே குடுக்கறேன்" என்கிறார். எனக்கு அவர் கொடுப்பது வேறு, சாதாரணத் தேனில் வெந்நீர் கலந்தது. எனக்கு ருசி தெரியும்.

மெர்சி ஆன்ட்டி கடைக்கு இன்று மறுபடியும் போனோம். பாட்டில் குறைகிறது. என் இருமல் குறையவில்லை.

நவம்பர் 20, வியாழன்

பிராந்தி, ரம், விஸ்கி, பீர், ஒயின். அம்மா சொன்ன பெயர்கள் இவ்வளவுதான். நன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்தேன். மீட் அதில் இல்லை. ஒயின் இல்லை என்று அப்பாவும் ஆன்ட்டியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே எனக்கு ஒன்றும் ஆகாது. மேலும் அது தேன். தேனைக் குழந்தைக்குக்கூட நாக்கில் தடவுவார்கள்.

அப்பா சாயங்காலம் சோபாவிலேயே தூங்கிவிட்டார். வேலை அதிகம்.

நவம்பர் 24, திங்கள்

நூலக வகுப்பில் பெரிய ஆங்கில–தமிழ் அகராதியை எடுத்தேன். எடுத்திருக்கவே வேண்டாம். இரண்டு மீட் இருந்தது. எழுத்து வேறு, நாங்கள் சொல்லும்போது சத்தம் ஒன்று. ஒன்று இறைச்சி. இன்னொன்றுக்கு எதிரே, 'தேனைப் புளிக்கவைத்துச் செய்யும் மது' என்று போட்டிருந்தது.

மது.

மிஸ், "என்ன மிருதுளா, முகம் வெளுத்திருக்கு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். பிரேயர் ஹாலில் நிற்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. குளிருக்குச் சில பேருக்கு வரும் என்று பவ்யா சொன்னாள். எனக்கு இதற்கு முன்பு வந்ததில்லை.

இதை எழுதும்போதும் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

நவம்பர் 25, செவ்வாய்

எனக்குக் கொடுக்கும் சாதாரணத் தேன் தீர்ந்துவிட்டது. அதை வாங்க போஜன் அண்ணன் கடைக்குப் போனோம். அப்பாவுக்குப் போன் வந்தது, வெளியே போய்விட்டார்.

"உங்கப்பாவுக்கு மீட் கிடைச்சுதா பாப்பா?"

அவர் அதைச் சொன்ன விதத்தில் கறிக்கடைக் குழப்பம் இல்லவே இல்லை.

"அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"தேன் விக்கறவனுக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி இருந்துட்டேன். அதுக்கு முந்தின வாரமே தனியா வந்து கேட்டாரு. இல்லைன்னு சொல்லி அனுப்பிச்சேன். சாக்லேட் கடைக்காரம்மாவும் அனுப்பிச்சிட்டாங்கன்னு அவரேதான் சொன்னாரு. அப்புறம் பார்த்தா உன்னைக் கூட்டிட்டு வர்றாரு." தேன் பாட்டிலைத் துடைத்து என் கையில் வைத்தார். "நீ நல்லாப் படி சாமி."

அப்படியென்றால் மெர்சி ஆன்ட்டிக்கு அப்பாவை ஏற்கெனவே தெரியும். தனியாக வந்தவர் என்று தெரியும். யூனிஃபார்மைப் பார்த்ததும் மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவர ஆரம்பித்தது எப்போது என்று யோசித்தேன். அந்தக் கணக்கு உடனே வந்துவிட்டது.

அவர் உள்ளே வந்து, "போலாமா என் ராசாத்தி?" என்று பையை வாங்கக் கையை நீட்டினார். நானே தூக்கிக்கொள்கிறேன் என்றேன்.

நவம்பர் 27, வியாழன்

நேற்றிலிருந்து காய்ச்சல். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, அப்பாதான் வீட்டில் இருந்தார். நெற்றியில் ஈரத்துணி போட்டார், கஞ்சி வைத்து ஸ்பூனால் ஊட்டினார். மத்தியானம் காய்ச்சல் ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ப்பா, நான் செத்துருவேனா?"

"என்ன பேச்சு இது? சாதாரணக் காய்ச்சல்."

"நீங்க குடிக்கறீங்க. அது மது. எனக்குத் தெரியும். என் தலையில அடிச்சுச் சொன்னீங்கள்ல?"

அப்பா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார். அவர் அழப் போகிறார் என்று நினைத்தேன். இனிமேல் குடிக்க மாட்டேன் என்பார், நான் பிழைத்துவிடுவேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார்.

"அட லூசு, இதுக்கா இத்தனை நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே? உனக்கு ஒண்ணும் ஆகாது. அன்னிக்குப் பஸ் ஸ்டாண்டுல நீ குல்லா போட்டிருந்தே, ஞாபகம் இல்லையா? கம்பளிக் குல்லா. நான் அது மேலதான் கை வச்சேன். தலையில கை படவே இல்ல. பட்டாத்தான் சத்தியம். உங்கம்மா கவனிக்கல, நான் கவனிச்சுத்தான் வச்சேன்." என் கன்னத்தைத் தட்டினார். "உன் உயிரை வச்சு அப்பா விளையாடுவேனா?"

உடனே பயம் போய்விட்டது. உண்மையாகவே போய்விட்டது. உடம்பெல்லாம் லேசாகி, அப்படியே தூங்கிப் போனேன். கண் விழித்தபோது வேர்த்து, காய்ச்சல் இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகுதான் யோசனை வந்தது. அந்தப் பனியில், ஜோடி மாறிய செருப்போடு ஓடி வந்து, அம்மா அழுதுகொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லும்போது, பஸ்ஸே எங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது, அப்பா என் குல்லாவைப் பார்த்திருக்கிறார்.

நான் சாக மாட்டேன். அதை எழுதி வைக்கிறேன். சந்தோஷமாக இருக்க வேண்டும்.

நவம்பர் 29, சனி

இன்று குல்லா போடவில்லை. காது வலித்தது.

நவம்பர் 30, ஞாயிறு

அம்மா காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, துண்டை முடியோடு சேர்த்து முறுக்கிக் கட்டியபடி சமையலறைக்கு வந்தாள். நான் இருமினேன். காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லையே என்று சொல்லிக்கொண்டே மேல் தட்டிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அப்பா ஹாலில் இருந்தார். அம்மா மூடியைத் திறந்தாள். ஸ்பூனில் ஊற்றப் போனவள், ஊற்றாமல் முகர்ந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

அப்பா வந்துவிட்டார். "தேன் மருந்து. கொஞ்சம் புளிச்ச வாசனை இருக்கும்."

"எனக்கு இந்த வாசனை தெரியாதாங்க? பதினஞ்சு வருசமா இதுகூடத்தானே குடும்பம் நடத்தறேன்."

"சும்மா கத்தாத கோமதி. வாங்கறப்ப உன் பொண்ணும்தான் கூட இருந்தா. அவளையே கேளு."

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. நான் ஆமாம் மருந்துதான் என்று சொல்லிவிட வேண்டும் என்று அவள் ஆசைப்படுவது எனக்குத் தெரிந்தது. கேஸ் ஸ்டவ் பக்கத்தில் என் முன்னால் முட்டி போட்டாள்.

"என் தலையில அடிச்சுச் சொல்லு கண்ணு. இது மருந்துதானா? உங்கப்பா குடிக்கலைதானே?"

அம்மாவுக்குப் பின்னால் அப்பா நின்றார்.  ஒரு விரலால் தன் தலையைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினார். பிறகு அம்மாவின் துண்டைக் கண்ணால் காட்டினார். மெர்சி ஆன்ட்டி கடை வாசலில் இருமச் சொன்னபோது சிரித்த அதே சிரிப்பு.

எனக்குப் புரிந்துவிட்டது. துண்டு மேல் வைத்தால் போதும். அம்மாவுக்கும் ஒன்றும் ஆகாது.

நான் அம்மாவின் துண்டை அவிழ்த்தேன். ஈர முடி தோளில் விழுந்து என் சட்டையும் நனைந்தது. உச்சந்தலையில் கையை அழுத்தி வைத்தேன். வெந்நீரின் சூடு இன்னும் அங்கே இருந்தது.

"குடிக்கறாரும்மா. இது மருந்து இல்ல. பாட்டிலை என் பையில வச்சுத்தான் கொண்டு வந்தோம்."

 அப்பாதான் முதலில் பேசினார்.

"உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு நான் எவ்வளவு கவனமா இருந்தேன். நீ என்னைப் பத்தி நினைச்சுப் பார்க்கலையே பாப்பா."

"என்ன கவனமா இருந்தீங்க?" என்று அம்மா திரும்பிக் கேட்டாள்.

 நான் குல்லாவைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடித்தபோது அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  பிறகு மெதுவாக, யாரிடம் கேட்கிறாள் என்றே தெரியாமல், "அப்போ பஸ் ஸ்டாண்டுலயேவா?" என்றாள்.

அப்பாவின் முகம் அப்போதுதான் மாறியது. இரண்டு எட்டில் என் பக்கத்தில் வந்தார். "கோமதி, இந்த ஒரு தடவை. இப்ப குல்லா இல்ல, ஒண்ணும் இல்ல, நீயே பாரு. சத்தியமா இனிமே..." என்று என் தலையை நோக்கிக் கையைத் தூக்கினார்.

அம்மா எழுந்து, தன் இரண்டு கைகளாலும் என் தலையை மூடிக்கொண்டாள்.